மின்வேலைக்கு ஏற்ற கருவியும் கருவிப் பையும்



மண்வெட்டி வாங்கப் போனால் நாம் சும்மா வாங்கி வந்துவிடுவோமா? இலையைத் தட்டிச் சத்தம் கேட்போம். காம்பு நுழைகிற கண்ணைப் பார்ப்போம். கையில் பிடித்து ஒரு தடவை ஓங்கிப் பார்ப்போம். ஆனால் அதே ஆள், மோட்டார் கொட்டகைக்கு ஒரு கட்டிங் பிளேயர் வேணும் என்று கடைக்குப் போனால், "எது விலை குறைச்சலோ அதைக் கொடுங்க" என்று வாங்கி வந்துவிடுகிறார். மண்வெட்டி சரியில்லை என்றால் முதுகு வலிக்கும், அதோடு போச்சு. மின்வேலைக் கருவி சரியில்லை என்றால் மோட்டார் காயில் போகும். சில சமயம் ஆளே போய்விடுவார்.

இன்றைக்குப் பல விவசாய வீடுகளில் ஒரு பிள்ளை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் தொழிலோ ஒயர்மேன் தொழிலோ இரண்டு வருஷம் படித்துவிட்டு வருகிறான். முதல் கருவிப் பை வாங்க அப்பாவிடம்தான் பணம் கேட்கிறான். அவனுக்கு எதை வாங்கித் தரலாம், கடையில் எப்படிப் பார்த்து வாங்கலாம், பையில் எப்படி அடுக்கலாம், நம்முடைய மோட்டார் கொட்டகையில் எதை வைத்துக்கொள்ளலாம் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பது 230 வோல்ட். மும்முனை மோட்டாரில் ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையே சுமார் 415 வோல்ட். ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிய எவ்வளவு மின்சாரம் பாய்கிறதோ, அதில் பத்தில் ஒரு பங்கு நம் உடம்பு வழியாகப் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாது. தசை இறுகிக்கொள்ளும். வயற்காட்டிலோ தரை ஈரம், கால் வெறும் கால், உடம்பில் வியர்வை. ஆகையால் டவுனில் ஒரு வீட்டுக்குள் வேலை செய்கிறவரைவிட, கிணற்று மேட்டில் வேலை செய்கிறவருக்கு ஆபத்து அதிகம்.

கட்டிங் பிளேயர்

மின்வேலைக்காரருக்கு வலது கை மாதிரி இருப்பது கட்டிங் பிளேயர்தான். 8 அங்குல நீளம் உள்ளது எல்லா வேலைக்கும் ஏற்றது. கடையில் அதை மூடி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். வெட்டுகிற இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். திறந்து மூடிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடக்கூடாது, இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. கடைக்காரரிடம் ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழை வாங்கி வெட்டிப் பாருங்கள். 'நறுக்'கென்று வெட்ட வேண்டும். மடங்கி நசுங்கினால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கைப்பிடி. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சிவப்போ மஞ்சளோ ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் 'கரண்ட் அடிக்காது' என்று நினைத்துவிடுகிறோம். சாதாரண உறை வழுக்காமல் பிடிப்பதற்காகப் போட்டது. மின்காப்புக்கு என்று செய்த கருவியில் இரண்டு முக்கோணம் சேர்ந்த மாதிரி ஒரு குறியும், பக்கத்தில் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். ஐ.இ.சி. 60900 என்ற உலகத் தரத்தின்படி செய்த கருவி அது. அந்தத் தரப்படி கருவியை 10,000 வோல்ட்டில் சோதித்துவிட்டு, 1000 வோல்ட் வரைக்கும் பயன்படுத்தலாம் என்று முத்திரை போடுகிறார்கள். விலை கொஞ்சம் கூடத்தான். மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

உறையை இழுத்துப் பாருங்கள். கழன்று வரக்கூடாது. விரல் வழுக்கி முன்னால் இரும்பில் படாமல் இருக்க, உறையின் முன்பக்கம் ஒரு மேடு இருக்க வேண்டும். சில கருவிகளில் உறை இரண்டு நிறத்தில் இருக்கும். மேல் நிறம் தேய்ந்து உள் நிறம் தெரிந்தால் கருவியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். உறை கிழிந்த பிளேயர்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது பல ஊரிலும் நடக்கிற பழக்கம். டேப் சுற்றினாலும் அது பழையபடி மின்காப்புக் கருவி ஆகாது. அதை வேலி கம்பி முறுக்க ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குங்கள்.

திருப்புளியும் டெஸ்டரும்

திருப்புளி ஒன்று போதாது, மூன்று வேண்டும். சுவிட்சு, பிளக்கு வேலைக்கு 3 மில்லி மீட்டர் முனை உள்ள மெல்லியது ஒன்று. ஸ்டார்ட்டர், மெயின் வேலைக்கு 6 மில்லி மீட்டர் முனை உள்ளது ஒன்று. நட்சத்திர முனை உள்ளது ஒன்று. திருகாணியின் பள்ளம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம் திருப்புளி முனையும் இருக்க வேண்டும். சின்ன முனையை வைத்துப் பெரிய திருகாணியைத் திருப்பினால் பள்ளம் சிதைந்துவிடும். பிறகு அந்தத் திருகாணி சரியாக இறுகவும் இறுகாது, கழற்றவும் வராது. கம்பியில் முனை வரைக்கும் காப்பு உறை உள்ள திருப்புளியாகப் பார்த்து வாங்குங்கள். முனை சறுக்கிப் பக்கத்தில் உள்ள முனையத்தில் பட்டாலும் பொறி பறக்காது.

டெஸ்டர் நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அது எப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்டால்தான் எப்போது ஏமாற்றும் என்பது புரியும். டெஸ்டருக்குள் ஒரு சின்ன நியான் விளக்கும், மின்சாரத்தை அடக்கி வைக்கிற ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. நாம் தலைப்பகுதியைத் தொட்டதும் மின்சாரம் நம் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகிறது. ரெசிஸ்டர் அதை ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே அடக்கிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே டெஸ்டர் தண்ணீரில் விழுந்தாலோ மழையில் நனைந்தாலோ தொடவே கூடாது. ஈரம் ரெசிஸ்டரைத் தாண்டி மின்சாரத்துக்கு வழி கொடுத்துவிடும். கூடு விரிசல் கண்ட டெஸ்டரையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உச்சி வெயிலில் டெஸ்டர் எரிவது கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பலகைமேல் நின்றால் மங்கலாக எரியும். ஆகவே 'எரியவில்லை, கரண்ட் இல்லை' என்று உடனே கை வைக்காதீர்கள். முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் எல்லா முனைகளிலும் வைத்துப் பாருங்கள். பிறகு திரும்பவும் அந்த முதல் இடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று தடவை பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. டெஸ்டரைத் திருப்புளியாகவும் பயன்படுத்தாதீர்கள். முறுக்கினால் கூடு உள்ளே உடைந்துபோகும்.

மோட்டாரைக் காப்பாற்றுகிற கருவிகள்

ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரிக்கிறவர்களைப் பார்க்கிறோம். பல்லும் கெடும், ஒயரும் கெடும். பிளேடால் சுற்றி அறுத்தால் உள்ளே செம்பு இழையில் வெட்டு விழும். வெட்டு விழுந்த இடத்தில் இழை இற்றுப்போகும், அந்த இடம் சூடாகும். இதற்காகவே ஒயர் ஸ்டிரிப்பர் என்ற கருவி இருக்கிறது. 1.5, 2.5, 4 சதுர மில்லி மீட்டர் என்று ஒயர் கனத்துக்கு ஏற்ற குழிகள் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இழை அறுபடாது.

அதேபோல, ஒயரின் முனையை முறுக்கி அப்படியே போல்ட்டில் சுற்றி இறுக்காமல், லக் போட்டு அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். பிளேயரால் நசுக்கிய லக் பார்க்க நன்றாக இருக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். போல்ட், நட்டுக்கு அளவு ஸ்பேனர் செட்டு வாங்குங்கள். திருகி அளவு மாற்றுகிற ஒரே ஸ்பேனரை எல்லாவற்றுக்கும் போட்டால் பித்தளை நட்டின் மூலைகள் மழுங்கிவிடும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இணைப்பு தளர்ந்தால் அந்த இடம் சூடேறும். சூடேறினால் கருகும். கருகினால் மூன்று முனையில் ஒரு முனை அறுந்துபோகும். மோட்டார் இரண்டு முனையில் உறுமிக்கொண்டு ஓடும். ஸ்டார்ட்டரில் உள்ள காப்பு ரிலே சரியாக இல்லையென்றால் சிறிது நேரத்தில் காயில் எரிந்துவிடும். பயிர் வாடுகிற நேரத்தில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு காயில் கட்டும் கடைக்கு நடக்க வேண்டியதுதான். பல மோட்டார்கள் எரிவதற்கு இறுக்காத ஒரு நட்டுதான் காரணம்.

தொழில் பழகியபின் பிள்ளைக்கு ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கிக் கொடுக்கலாம். ஒயரை வெட்டாமலே எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். 5 குதிரைச் சக்தி மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஒவ்வொரு முனையிலும் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். மூன்று முனையிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் நல்லது. ஒன்று மட்டும் ரொம்பக் குறைந்தாலோ கூடினாலோ எங்கோ கோளாறு. எந்த மீட்டர் வாங்கினாலும் அதன்மேல் 'கேட்' என்ற ஆங்கில எழுத்துக்களும், மூன்று கோடும், 600 வோல்ட்டும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். மெயின் பெட்டியில் வைத்துப் பார்க்க அந்த வகை மீட்டர்தான் ஏற்றது. சந்தையில் தரையில் பரப்பி விற்கிற மீட்டர் ரேடியோ வேலைக்கு ஆகும், மும்முனைக்கு ஆகாது.

சுத்தியல், உளி, ஹாக்சா, அளவு டேப் எல்லாம் வீட்டு ஒயரிங் வேலைக்கு வேண்டியவை. இவற்றை வேலை வர வர ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். ஒரே நாளில் இருபது மட்டக் கருவி வாங்குவதைவிட ஆறு நல்ல கருவி வாங்குவது மேல்.

பை எப்படி இருக்க வேண்டும்?

கருவிகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. பிளேயர் எடுக்கக் கை விட்டால் உளி குத்தும். இருட்டில் தேடிக்கொண்டே நிற்க வேண்டும். கருவிகள் ஒன்றோடொன்று உரசிக் காப்பு உறையும் கிழியும். ஆகவே இரண்டு பை வையுங்கள். எல்லாவற்றையும் தூக்கிச் செல்ல ஒரு பெரிய பை. அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் செருகிக்கொள்ள ஓர் இடுப்புப் பை.

இடுப்புப் பை தோலில் இருக்கிறது, கித்தானில் இருக்கிறது, நைலானிலும் இருக்கிறது. தோல் நாள்பட உழைக்கும். ஆனால் மழையில் நனைந்தால் விறைத்துப்போகும், பூஞ்சணம் பிடிக்கும். அவ்வப்போது துடைத்து நிழலில் காய வைத்து எண்ணெய் தடவ வேண்டும். வயற்காட்டு வேலைக்குக் கனமான கித்தானோ நைலானோ வசதி. எதை வாங்கினாலும் அடிப்பக்கம் இரட்டைத் துணியாக இருக்கிறதா என்று பாருங்கள். திருப்புளி முனை முதலில் ஓட்டை போடுவது அங்கேதான். பையும் பெல்ட்டும் சேருகிற இடத்தில் இரட்டைத் தையல் இருக்க வேண்டும். வெளியே இரும்புச் சங்கிலி, பெரிய பக்கிள் தொங்குகிற பை பார்வைக்கு எடுப்பாக இருக்கும். மெயின் பெட்டி முன்னால் குனியும்போது அதுவே வினையாகும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறை வையுங்கள். தினமும் அதே அறையில்தான் அதை வைக்க வேண்டும். பிளேயர் வலது கைக்கு எட்டுகிற முதல் அறையில். டெஸ்டர் தனி அறையில். கத்திக்கு உறை போட்டு முனை கீழே பார்த்து. பையை இடுப்பின் பக்கவாட்டில் கட்டுங்கள். முன்னால் கட்டினால் குனியும்போது வயிற்றில் குத்தும். நடு முதுகில் கட்டினால் ஏணியிலிருந்து விழும்போது முதுகெலும்பில் அடிபடும். வேலை முடிந்ததும் காலி அறை இருக்கிறதா என்று பார்த்தாலே எந்தக் கருவியை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மறந்து வைத்தோம் என்பது தெரிந்துவிடும். அப்படி மறந்து வைத்த ஸ்பேனர், மெயினைப் போட்டவுடன் பெட்டியையே வெடிக்கச் செய்யும்.

கிணற்று மேட்டில் வேலை என்றால் கருவிக்கு ஒரு நைலான் கயிறு கட்டிப் பையோடு முடிந்துகொள்ளுங்கள். கிணற்றில் விழுந்த ஸ்பேனரையாவது தண்ணீர் வற்றும்போது எடுக்கலாம். ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தால் நீர்மூழ்கி மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். பிறகு மோட்டாரை மேலே தூக்கவே முடியாமல் போகலாம். வேலை ஆரம்பிக்கும் முன்பே குழாயின் வாயைத் துணியால் இறுகச் சுற்றி மூடிவிடுங்கள்.

ஓர் அறை காலியாக இருக்கட்டும்

பையில் ஓர் அறையைக் காலியாக விட்டு வையுங்கள். மெயினில் இருந்து கழற்றுகிற மூன்று பியூஸ் கட்டைகளுக்கு உரிய இடம் அது.

கரண்ட் நின்றிருக்கும் நேரத்தில், 'இப்போதுதான் கரண்ட் இல்லையே' என்று மெயினை நிறுத்தாமலே ஸ்டார்ட்டரைத் திறக்கிறோம். கரண்ட் எந்த நிமிஷமும் வரும். சில தோட்டங்களில் கரண்ட் வந்தவுடன் தானே மோட்டாரை ஓட்டுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே செல்போனில் மோட்டார் போடுகிற கருவியும் வந்துவிட்டது. நீங்கள் கொட்டகையில் கை வைத்திருப்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியுமா?

ஆகவே வேலைக்கு முன் மெயினை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி அந்தக் காலி அறையில் போட்டு, பையை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இனி உங்களைக் கேட்காமல் யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. பியூஸ் கட்டை இல்லாத புது மாதிரி பெட்டி என்றால் ஒரு சின்னப் பூட்டுப் போட்டுச் சாவியை அந்த அறையில் வையுங்கள். பிறகு நான் சொன்னபடி டெஸ்டரால் மூன்று தடவை பாருங்கள். அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும். கெப்பாசிட்டர் இருந்தால் மெயினை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். தொழில் தெரிந்தவர் அதை இறக்கிவிடும் வரை தொடாதீர்கள்.

1000 வோல்ட் முத்திரை போட்ட கருவி கையில் இருக்கும்போதும் இந்த முறையை மாற்றக்கூடாது. நாம் எங்கோ கவனம் பிசகினால் அந்த உறை காப்பாற்றும். அதை நம்பி ஓடுகிற கரண்ட்டில் வேலை செய்வதற்காக அதை வாங்கவில்லை.

கொட்டகையில் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது

தொழில் படிக்காத நாம் செய்யக்கூடிய வேலை கொஞ்சம்தான். பியூஸ் போடலாம், மெயினை நிறுத்திவிட்டுத் தூசி துடைக்கலாம். அதற்கு ஒரு டெஸ்டர், ஒரு காப்புத் திருப்புளி, ஒயர்மேன் சொன்ன கனத்தில் பியூஸ் கம்பி, ஒரு டார்ச் விளக்கு, ஒரு பெயிண்ட் பிரஷ், நின்று வேலை செய்ய ஒரு காய்ந்த பலகை இருந்தால் போதும். ஸ்டார்ட்டருக்குள் பல்லியும் எறும்பும் புகுந்து கோளாறு செய்வது சகஜம். பிரஷ் அதற்குத்தான். பியூஸ் கம்பிக்குப் பதில் கையில் கிடைத்த செம்பு ஒயரை நாலு இழை முறுக்கிப் போடாதீர்கள். பியூஸ் எரிய வேண்டிய இடத்தில் மோட்டார் எரியும்.

வேலைக்கு முன் மோதிரம், கைக்காப்பு, கடிகாரத்தைக் கழற்றுங்கள். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் அதையும் நினைவில் வையுங்கள். மருந்து தெளிக்கப் போடுகிற கையுறை மின்சாரத்துக்குக் காப்பு ஆகாது. கருவி அழுக்கானால் மண்ணெண்ணெயில் ஊற வைக்காதீர்கள், உறை உப்பிக் கெடும். காய்ந்த துணியால் துடைத்து, மூட்டில் மட்டும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் வாங்கிய நல்ல கருவி 1000 வோல்ட் வரைக்கும்தான். டிரான்ஸ்பார்மருக்கு மேலே வருவது 11,000 வோல்ட்டோ அதற்கு மேலோ. அதன் முன்னால் இந்தப் பிளேயர் வெறும் இரும்பு. அந்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனாலும், கம்பி அறுந்து வயலில் விழுந்தாலும், பயிர் காய்கிறதே என்று ஏறாதீர்கள், கிட்டே போகாதீர்கள். உங்கள் பிள்ளை தொழில் படித்தவனாக இருந்தாலும் ஏற்றிவிடாதீர்கள். அது மின்வாரியத்தார் லைனை நிறுத்திச் செய்கிற வேலை. மின்னகம் சேவை எண் 94987 94987-க்குப் போன் செய்து சொல்லுங்கள். ஒருநாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் பயிர் தாங்கும்.

ஆறு நல்ல கருவி, அறை அறையாக ஒரு நல்ல பை, பியூஸ் கட்டைக்கு என்று அதில் ஒரு காலி அறை. தொழிலுக்குப் போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லி வாங்கிக் கொடுங்கள்.

(வானொலிப் பேச்சு)